வெறியாட்டும் அறத்தொடு நிற்றலும்
இளையோர் மனச்சோர்வு நோக்கி அகப்பாடல்களைப் பயில்வது குறித்த ஒரு திறனாய்வு

சங்க அகப்பாடல்களுள் நோயுற்ற தலைவியைப் பற்றியன மிகப் பல. அவள் உணவு கொள்ளாள், உறங்காள், மேனி நிறம் வேறுபடும், கைவளை நெகிழும். தாய் அது கண்டு கலங்குவாள், கட்டுவிச்சியை வினவுவாள், வேலனை அழைத்து வெறியயர்வாள். தோழி ஒருத்தியே உண்மை அறிந்தவளாய் நிற்பாள். இப்பாடல்களை நாம் பெரும்பாலும் இருவகை நோக்கில் பயின்று வருகின்றோம். களவொழுக்கத்தின் ஒரு துறையாகக் கொள்ளும் இலக்கண நோக்கு ஒன்று. முருக வழிபாட்டின் தொன்மைக்குச் சான்று தேடும் வரலாற்று நோக்கு மற்றொன்று. இவ்விரண்டும் வேண்டுவனவே. ஆயினும் இவற்றுள் விடுபட்டுப் போகும் வினாக்கள் சில உள. இளம்பருவத்தார் ஒருவர் உள்ளே நொந்து, வெளியே சொல்லாது வாடும்பொழுது அதனைக் காண்பவர் யார்? கண்டும் பிறழக் கொள்பவர் யார்? உண்மை உணர்ந்து உரியோரிடம் எடுத்துரைப்பவர் யார்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாக்கள் ஏட்டளவில் நின்றுவிடுவன அல்ல. 10 முதல் 19 வயது வரை உள்ளோருள் எழுவருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைக்கு ஆட்படுகின்றார் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. பெங்களூரிலுள்ள நிம்கான்சு நிறுவனம் 2015–16இல் நடத்திய நாட்டு மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினருள் 7.3 விழுக்காட்டினரிடம் இத்தகைய குறைகளைக் கண்டது. மயிலாப்பூரினின்றும் தியாகராய நகரினின்றும் அடையாற்றினின்றும் கல்லூரிக்கு வந்து நம் முன் அமர்ந்து மெய்ப்பாட்டியல் கேட்கும் மாணவருள்ளும் அத்தகையோர் இருத்தல் கூடும். நூற்பாவில் உள்ள மெய்ப்பாட்டை நாம் விளக்குகின்றோம். எதிரே அமர்ந்திருப்பவரின் மெய்ப்பாட்டைக் காண்கின்றோமா என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

மெய்ப்பாடும் அதனைக் காண்போரும்

மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுதல். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என வகுத்து, அவற்றுள் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். பிறரால் இகழப்படுதல், உரியவரையோ உடைமையையோ இழத்தல், முன்னை நிலையினின்றும் தாழ்தல், இன்மையுறுதல் என்பன அவை. பத்தாம் வகுப்பில் முதன்மையாக விளங்கிய மாணவன் மேனிலைப் பள்ளியில் இடைநிலைக்கு இறங்கும்பொழுது அவனைத் தாக்குவது மூன்றாவதாகிய அசைவே. வீட்டார் அதனை ‘மதிப்பெண் குறைந்தது’ என்று மட்டும் சொல்லுவர்.

அதே இயலில் தலைவியின் கலக்க நிலையைக் கூறும் நூற்பா ஒன்று உண்டு. இன்பம் தருவனவற்றின்மேல் வெறுப்புத் தோன்றல், உணவு சுருங்கல், உடல் மெலிதல், துயில் கொள்ளாமை, தனிமையில் வருந்திப் புலம்பல், நெஞ்சழிதல் ஆகியன அங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இன்றைய மருத்துவர் மனச்சோர்வை அறிய முதற்கண் வினவுவனவும் இவற்றையே பெரிதும் ஒத்தன. வாடிய மனநிலையோ, முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மையோ இரண்டு வாரத்திற்குக் குறையாது நாள்தோறும் நீடித்தலும், அவற்றோடு உணவு, உறக்கம், ஊக்கம், ஒருமைப்பாடு ஆகியவை குலைதலும், தன்னைப் பயனற்றவராகக் கருதுதலும், சாவைப் பற்றிய எண்ணம் எழுதலும் அந்நோயின் குறிகள் என்பர். இளையோரிடத்தில் துயரத்திற்கு மாறாக எரிச்சலும் சினமுமே மேலோங்கித் தோன்றலாம் என்பது ஈண்டுக் கருதத் தக்கது. அழுபவரைக் கண்டு இரங்குவோர் பலர். கதவை அறைந்து சாத்துபவரைக் கண்டு இரங்குவோர் சிலரே.

மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா மற்றொரு நுட்பம் உடையது. கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரும் ஆற்றல் உடையார்க்கு அல்லது மெய்ப்பாட்டுப் பொருள் புலனாதல் அரிது என்பது அதன் கருத்து. இதனைச் செய்யுள் நயம் காண்பாருக்குக் கூறிய தகுதியாகவே கொள்ளுதல் மரபு. அதனை மறுத்தல் நம் கருத்தன்று. ஆயினும் அதனுள் ஒரு பொது உண்மை அடங்கியுள்ளது. மெய்ப்பாடு உறுவோரிடத்து மட்டும் நிறைவு பெறுவதன்று. காண்போர் கண்ணும் கேட்போர் செவியும் கூடியவிடத்தே அது பொருள் பெறுகின்றது. காண்பார் இல்லையேல் பசலையும் வெறும் நிறவேறுபாடே.

குறிஞ்சிப்பாட்டின் தொடக்கம்

கபிலர் ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்பர். 261 அடிகளால் இயன்ற இப்பாட்டு முழுவதும் தோழி செவிலியிடம் கூறும் ஒரே கூற்றாகும். நம் வகுப்பறைகளில் இஃது 99 பூக்களின் பெயர்களை அடுக்கிய பாட்டாகவே பெரிதும் நினைக்கப்படுகின்றது. பூக்களை எண்ணும் ஆர்வத்தில், பாட்டின் வாயிலில் அமைந்துள்ள பகுதி விரைவாகக் கடக்கப்படுகின்றது. நம் பொருளுக்கு உயிராக நிற்பது அப்பகுதியே.

தலைவியின் அணிகலன் நெகிழுமாறு வருத்தும் நோய் இன்னதென்று அறியாத செவிலி, அகன்ற ஊரில் அறிவாரையெல்லாம் வினவுகின்றாள், பல்வேறு தெய்வங்களைப் பரவித் தொழுகின்றாள், மலர் தூவுகின்றாள், நறும்புகை காட்டுகின்றாள், தெளிவு பெறாது மயங்குகின்றாள். தோழி தன் பேச்சை இவ்விடத்தில் தொடங்குகின்றாள். செவிலியின் அறியாமையை அவள் எள்ளவில்லை. நீயும் வருந்துகின்றாய் என்று அவள் துயரத்தை முதலில் ஏற்றுக்கொள்கின்றாள். நோயுற்ற இளையோர் பொருட்டுப் பெற்றோரிடம் பேசப் புகுவார்க்கு இதனினும் சிறந்த தோற்றுவாய் இல்லை. குற்றஞ்சாட்டப்பட்ட தாய் காதை மூடிக்கொள்வாள். தன் வருத்தம் அறியப்பட்ட தாய் கேட்பாள்.

அடுத்து, உண்மை எவ்வாறு வெளிப்பட்டது என்பதைத் தோழி கூறுகின்றாள். தலைவி தானாகச் சொல்லவில்லை. அழகு கெட்டது, தோள் மெலிந்தது, பிறரும் அறியத் தொடங்கினர், தனிமைத் துயர் அலைத்தது. அந்நிலையிலும் உள்ளத்தே மறைத்து வைத்த நோயைத் தன் சொல்வன்மையால் நெருங்கிக் கேட்ட பின்னரே அவள் வாய் திறந்தாள் என்கின்றாள் தோழி. எனவே, காண்டலோடு தோழி நின்றிலள், வினவினாள், ஒருமுறை வினவி விடாது வற்புறுத்தியும் வினவினாள். மறைந்த துயரைக் கேட்டால் அது மிகும் என்று அஞ்சுவார் இன்றும் உளர். சாகும் எண்ணம் உண்டா என்று நேரே கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது என்பதும், கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகின்றனர் என்பதும் இன்றைய உளநூலார் கண்ட முடிபு.

வாய் திறந்த தலைவி கூறுவதும் கருதற்பாலது. முத்தும் மணியும் பொன்னும் கொண்டு செய்த கலன் கெட்டால் மீளச் செய்து கொள்ளலாம்; பெருமையும் ஒழுக்கமும் கெட்டால் மீட்டல் அரிது என்பது அவள் அச்சம். நோயினும் குடிப்பெயருக்கு வரும் மாசே அவளை மிகுதியாக வருத்துகின்றது. மனநல மருத்துவரிடம் சென்றதாக அயலார் அறிந்தால் என்னாகும், நாளைத் திருமணப் பேச்சுக்கு இடையூறாகுமோ என்று தியாகராய நகர் அடுக்ககம் ஒன்றில் இன்று எழும் அச்சமும் அதன் வழிவந்ததே.

தோழியும் அச்சமற்றவள் அல்லள். பகைகொண்ட இரு பெருவேந்தரிடையே நின்று அமைதி நாடும் சான்றோரைப்போலத் தான் இருபாலும் அஞ்சி நிற்பதாகக் கூறுகின்றாள். சொன்னால் செவிலி சினப்பாள். சொல்லாவிடின் தலைவி அழிவாள். இவ்விரண்டையும் எடைபோட்டு, சினவாது கேள் என்று வேண்டிச் சொல்லத் தொடங்குகின்றாள். உதவ முன்வருவோர்க்கு அச்சம் இருத்தல் கூடாது என்பதில்லை. அச்சத்தோடும் சொல்லுதலே அவள் செயலின் சிறப்பு.

வெறியாட்டின் பிழை யாது?

வெறியாட்டுப் பாடல்களில் புலவர் காட்டும் குறிப்புப் பலவகைப்படும். ஔவையாரின் குறுந்தொகை 23ஆம் பாட்டில் தோழி, கட்டுவிச்சியை மறுத்துப் பேசாமல் அவள் பாடிய குன்றப் பாட்டையே மீண்டும் பாடச் சொல்லி உண்மையைக் குறிப்பாக உணர்த்துகின்றாள். குறுந்தொகை 362ஆம் பாட்டில் வேலனை நோக்கி, நீ இடும் பலியைத் தலைவனது மார்பும் உண்ணுமோ என வினவுகின்றாள். நற்றிணை 34ஆம் பாட்டில் இன்னும் துணிந்து, தன்னால் வந்த நோயன்று என அறிந்தும் வேலன் அழைக்க வந்த முருகனையே அறியாமையுடையவன் என்கின்றாள். குறிப்பு, வினா, இடித்துரை என ஏறிச் செல்லும் இம்மூன்றிலும் தாயை அன்பிலள் எனத் தோழி பழிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. பிழை அன்பின்மையில் இல்லை. காரணத்தைப் பிறழ உணர்ந்து விரைந்ததிலேயே உள்ளது.

வெறிபாடிய காமக்கண்ணியாரின் அகநானூறு 22ஆம் பாட்டு மற்றொரு கூறினைக் காட்டுகின்றது. வெறியயர்ந்த இரவிலேயே தலைவன் வந்து கூடுகின்றான். தலைவியின் வாட்டம் தீர்கின்றது. தீர்த்தவன் ஒருவன், பெயர் பெறுபவன் வேலன். அதனை எண்ணித் தலைவி நகைக்கின்றாள். மனச்சோர்வும் சில வேளைகளில் தானே தணிந்து பின் மீண்டு வருவது. தணிந்த காலத்தில் எது செய்யப்பட்டதோ அதுவே மருந்தெனப் பெயர் பெறும். மீண்டு வரும்பொழுது மறுபடியும் அதுவே செய்யப்படும். உரிய உதவி பின் தள்ளப்படும்.

இதனைப் படிப்போர், வெறியாட்டு என்பது சமயச் சடங்கு மட்டுமே என எண்ணி அமைதல் வேண்டா. கண்ணேறு கழித்தலும், சாதகம் பார்த்துக் கோள்நிலையைக் காரணம் கூறலும் அதன் ஒரு வகை. கபாலீசுவரர் கோயிலில் மகளுக்காக வேண்டி நிற்கும் தாயின் நம்பிக்கையை நாம் குறை கூறவில்லை. அவ்வேண்டுதல் மருத்துவ உதவிக்குத் தடையாகாதவரை அஃது அவளுக்கும் மகளுக்கும் ஆறுதலே. ஆனால் கடவுள் நம்பிக்கை இல்லாத இல்லங்களிலும் வெறியாட்டு நிகழ்கின்றது. கைப்பேசியே எல்லாவற்றிற்கும் காரணம் என்று அதனைப் பறித்தல், சோம்பல் எனக் கருதி விடியற்காலையில் எழுப்பி விடுதல், மேலும் ஒரு தனிப்பயிற்சி வகுப்பில் சேர்த்தல், சத்து மருந்து வாங்கித் தருதல் ஆகியவையும், நோயைக் கேளாமலே அதற்குப் பெயரிட்டு நிகழ்த்தும் சடங்குகளே. பலி ஏற்கும் தெய்வம் மாறியது, முறை மாறவில்லை.

பாங்கன் கழறலும் தலைவன் விடையும்

அகப்பாடல்கள் பெண்ணின் மெய்வேறுபாட்டையே விரித்துரைக்கின்றன. ஆடவன் துயர் எங்கே என்னும் வினா எழலாம். அதற்குப் பாங்கற் கூட்டம் விடை தருகின்றது. தலைவனது வாட்டம் கண்ட பாங்கன் உற்றது யாது என வினவுகின்றான், கேட்டபின் கழறுகின்றான். வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 58ஆம் பாட்டு அக்கழறலுக்குத் தலைவன் கூறும் மறுமொழி. வெயிலால் காய்ந்த பாறையில் வைத்த வெண்ணெய் உருகிப் பரவுகின்றது. அதனைக் காத்திருப்பவன் கையில்லாத ஊமன். கண்ணால் காக்கின்றானே அன்றி எடுக்கவும் இயலான், பிறரைக் கூவி அழைக்கவும் இயலான். தன் நோயும் அவ்வாறே பரவுகின்றது என்கின்றான் தலைவன்.

மனச்சோர்வுற்றவரின் நிலையை இதனினும் செறிவாக உணர்த்தும் உவமை ஒன்றை நாம் அறியோம். தன்னுள் நிகழும் அழிவு அவருக்குத் தெரியாததன்று, கண் இருக்கின்றது. தடுக்கும் வலிமையும் சொல்லும் வாயுமே அவரிடம் இல்லை. ‘முயன்றால் முடியாதா?’ என்பார், கையில்லாதவனைப் பார்த்து வெண்ணெயை எடு என்கின்றார். மகளின் வாட்டத்தை நோய் என ஐயுறும் இல்லம்கூட மகனின் வாட்டத்தைப் பெரும்பாலும் பொறுப்பின்மை எனக் கொண்டு இடித்துரைக்கின்றது. ஆயினும் பாங்கன் கழறலோடு நின்றானல்லன். தலைவனது மறுமொழியை ஏற்று, அவன் குறித்த இடத்திற்குத் தானே சென்று கண்டு வந்து துணைபுரிகின்றான். கழறல் தொடக்கமாகலாம், முடிவாதல் தகாது.

அறத்தொடு நிற்றல் என்னும் பெயர்

தலைவியின் மறைபொருளைத் தோழி உரியோரிடம் வெளிப்படுத்துதல் அறத்தொடு நிற்றல் எனப்படும். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் என அது படிப்படியாகச் செல்லும் என்று அகப்பொருள் நூலார் உரைப்பர். கூறும் முறையைத் தொல்காப்பியர் எளித்தல் முதலாக உண்மை செப்பல் ஈறாக ஏழாக வகுத்துள்ளார். இவ்விலக்கணத்தில் நாம் கருத வேண்டுவன மூன்று. ஒன்று, செய்தி ஊர் முழுதும் பரவுவதில்லை. உதவக் கூடியவரிடம் மட்டுமே செல்கின்றது. ஊரில் பரவுவது அலர். அதற்கு இலக்கணத்தில் வேறு பெயர் உண்டு. இரண்டு, கூறுவோர் கேட்போரின் மனநிலை அறிந்து முறையைத் தேர்கின்றனர். மூன்று, எல்லாவற்றினும் சிறந்தது, இச்செயலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்.

தோழி களவு முழுவதும் மறைபொருளைக் காத்தவள். தலைவிக்கு ஏதம் வரும் என உணர்ந்தவுடன் அவள் வாய் திறக்கின்றாள். அதனை நம்பிக்கைக் கேடு என்றோ காட்டிக் கொடுத்தல் என்றோ இலக்கணம் கூறவில்லை. அறத்தின்பால் நிற்றல் என்றது. இன்று மாணவரிடையே நிகழ்வது யாது? ‘யாரிடமும் சொல்லாதே’ என்று உறுதி வாங்கிக்கொண்டு ஒருவர் தம் துயரையும் சாவெண்ணத்தையும் நண்பரிடம் கூறுகின்றார். நண்பர் வாய் மூடி நிற்கின்றார். அதுவே நட்பு என நம்புகின்றார். பதினாறு வயதினர் ஒருவர் தனித்துத் தாங்கவியலாத சுமை அது. அவருக்குத் தமிழாசிரியர் சொல்ல வேண்டுவது ஒன்றே: மறை காத்தல் நட்பு, உயிர்க்கு ஏதம் வருமிடத்து உரியோரிடம் சொல்லுதல் அறம், நட்பினும் அறம் பெரிது என்பதற்கு நம் இலக்கியத்தில் இலக்கணமே உண்டு.

ஒப்புமையின் எல்லை

இங்ஙனம் கூறுதல் பழம்பாட்டில் புதுமருத்துவத்தை ஏற்றிக் காணும் பிழையன்றோ என வினவலாம். தலைவியின் நோய் காமநோய்; மனச்சோர்வு அன்று. சங்கப் புலவர் மனநோய் நூல் அறிந்திருந்தனர் என்று நாம் கூற வரவில்லை. குறிகள் ஒப்பன, காரணமும் தீர்வும் ஒவ்வா. தலைவியின் நோய்க்குக் காரணம் ஒருவன், தீர்வு வரைவு. மனச்சோர்வுக்கோ எப்பொழுதும் ஒரு காரணம் சுட்டவியலாது. மரபுக் கூறும், உடலியல் மாற்றமும், இழப்பும், இகழ்ச்சியும், தேர்வுச் சுமையும் பலவாறு கூடி அதனை விளைவிக்கின்றன. ‘உனக்கு என்ன குறை வைத்தோம்?’ என்னும் வினா பயனற்றுப் போவது இதனாலேயே. குறையைக் காட்டினால்தான் நோயென்று ஒப்புவோம் என்பது, காய்ச்சலுற்றவரிடம் காரணம் கேட்டுக்கொண்டு மருந்து தர மறுப்பதை ஒக்கும். ஒருதலைக் காதலாகத்தான் இருக்கும் என்று உடனே முடிவு கட்டுதலும் ஒருவகை வெறியாட்டே.

சொல்லாட்சியிலும் ஒரு தெளிவு வேண்டும். செய்தித்தாள்கள் ‘மன அழுத்தம்’ என்னும் சொல்லை இரு பொருளில் வழங்குகின்றன. வெளியிலிருந்து வந்து அழுத்தும் சுமை அழுத்தம். தேர்வு முடிந்தால் அது நீங்கலாம். உள்ளே ஊக்கம் வற்றி நிற்கும் நோய் சோர்வு. விடுமுறை விட்டாலும் அது நீங்காது. இவ்விரண்டையும் வேறு பிரித்து வழங்குதல் தமிழ்த்துறையார் செய்யத்தக்க சிறு பணி. சிறிதாயினும், தம் நிலைக்கு உரிய சொல் கிடைக்கப்பெற்றவர் அதனைப் பிறரிடம் கூறுதல் எளிதாகும்.

சென்னையில் தோழியின் இடம்

மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட இராசா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு, மனநல மருத்துவர் இலட்சுமி விசயகுமார் முயற்சியால் 1986இல் தோன்றியது. அங்கே அழைப்பை ஏற்போர் பயிற்சி பெற்ற தொண்டர். அறிவுரையை அடுக்காமலும் குற்றம் காணாமலும், சொல்பவரைப் பொறுமையோடு கேட்டலே அவர் தொழில். இலக்கண மரபில் இதற்கு ஒப்பு, வேலன் அல்லன், குறிஞ்சிப்பாட்டுத் தோழியே. அதன் தொலைபேசி எண் 044-24640050. இந்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானசு உதவிக்கு 14416. தமிழ்நாட்டரசின் நலவாழ்வு உதவிக்கு 104. மருத்துவரை நாடுவோர்க்கு இராயப்பேட்டை அரசு மருத்துவமனை அண்மையில் உள்ளது. 1794இல் தோன்றிய அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் உள்ளது. நோய் மெல்லியதாயின் உரையாடல்வழிச் சிகிச்சையே பயன் தரலாம். மிகுந்ததாயின் மருந்தும் வேண்டப்படும். மருத்துவர் சொல்லாமல் மருந்தை இடையில் நிறுத்துதல் தீங்கு.

சட்டமும் ஓரளவு வழிவிட்டுள்ளது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்திற்கு ஆட்பட்டவராகவே கருதப்பட வேண்டும் எனவும், அவருக்கு அரசு பேணுதல் அளிக்க வேண்டும் எனவும் 2017ஆம் ஆண்டு மனநலப் பேணல் சட்டம் விதித்தது. தமிழ்நாட்டரசு 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிப்பதைக் கைவிட்டது. தவறியவர் அவ்வாண்டே மீண்டும் எழுதத் துணைத்தேர்வும் உண்டு. நூறு மாணவருக்குக் குறையாத கல்வி நிறுவனங்கள் தகுதி வாய்ந்த உளவள ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 சூலையில் நெறி வகுத்தது. இவை நன்றே. ஆயினும் ஆலோசகர் அறைக்கு மாணவர் தாமாகச் செல்லுதல் அரிது. கையில்லாத ஊமன் கூவி அழைக்கமாட்டான் என்பதை வெள்ளிவீதியார் முன்னரே உணர்த்திவிட்டார். நாளும் அவரைக் காண்போர் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆகவே ஆசிரியர் செய்யத்தக்கன இவை. இரண்டு வாரமாக வேறுபட்டுத் தோன்றும் மாணவரைத் தனியே அழைத்துப் பேசுதல். கண்ட மாற்றத்தைச் சினமின்றி எடுத்துக் கூறுதல். ஒருமுறை ‘ஒன்றுமில்லை’ என்றாலும் மீண்டும் வினவுதல். சாவெண்ணம் உண்டா என்று மறையாது கேட்டல். உண்டெனின் அவரைத் தனியே விடாது பெற்றோரை வரவழைத்து, அவர் வருத்தத்தையும் ஏற்றுக்கொண்டு, அன்றே உரிய உதவிக்கு வழிசெய்தல். ஒருபொழுதும் அதனை அலராக்காமை. ஆசிரியர் மருத்துவர் அல்லர். தோழியும் நோய் தீர்த்தவள் அல்லள். தீர்க்கவல்லாரிடம் நோயைக் கொண்டு சேர்த்தவள் அவள்.

முடிவாக ஒன்று. முதுகலை வகுப்பில் அறத்தொடு நிற்றலின் ஏழு வகையை நெட்டுருச் செய்வித்து, அதற்குரிய மதிப்பெண்ணையும் நாம் அளித்து வருகின்றோம். அவ்வேழனையும் பிழையின்றி எழுதிய மாணவி, தன் அருகிருப்பவள் பல நாளாக உண்ணாதிருத்தலைக் கண்டும் யாரிடம் சொல்வது என்று அறியாது திகைப்பாளாயின், நாம் அந்நூற்பாவைக் கற்பித்தோம் எனக் கொள்ளுதல் இயலாது. கண்ணும் செவியும் திட்பமாக உணரப் பழக்குதலே மெய்ப்பாட்டியலைக் கற்பித்தலாகும் என்பதும், அஞ்சியும் உரியோரிடம் உண்மை செப்பப் பழக்குதலே அறத்தொடு நிலையைக் கற்பித்தலாகும் என்பதும் எம் துணிபு.